தீயெழா தாயின்

— ஏனுங்க, அது மனைவியின் இல்லீங்க. மனைவயின்.

— ரெண்டும் ஒண்ணுதான கோகிலா? ஒரு சுழி கூடிப் போச்சு. அதுக்கு பஸ்ஸை விட்டு எறங்குனதும் எறங்காததுமாச் சண்டைக்கு வாறியே.

— அந்த ஒரு சுழியில எங்க அண்ணியக் கொண்டாந்து நடுரோட்டுல நிறுத்தீட்டீங்க.

கார்த்தி பிக்கப் வண்டியின் முகப்பில் கொடி கட்டிக்கொண்டிருந்தான். ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு நான்கு நாள்தான் பாக்கி. பூட்டு சாவி அவனுடைய சின்னம். கோகிலவாணி தோள்பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலில் நின்றாள். காலையில் அவள் பள்ளிக்கூடம் போகும்போது இல்லாத பேனர், சாயங்காலம் திரும்பும்போது செம்மேடு பஸ் ஸ்டாண்டில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கார்த்தி கும்பிட்டபடி சிரிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் அவனைவிட உயரமாக ஒரு வில். வில்லுக்கு மேலே கொட்டை எழுத்தில், சிவப்பாக:

தோற்றோன் மனைவியின் தீயெழா!
தாயின் வென்றோன் கார்த்தி!

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, தோத்தவரு பொண்டாட்டியைப் பத்தி உங்க ஊட்டுக்காரர் என்னமோ எழுதி வெச்சிருக்காரே, என்னங்க டீச்சர் அது என்று கேட்டாள். அந்த இடத்திலேயே இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது கோகிலவாணிக்கு. அவள் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. போதாததற்கு, எதிர்த்து நிற்பவர் ராசப்பன், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

ராசப்பன் தொடர்ந்து இரண்டு தடவை தலைவராக இருந்தவர். இரண்டு தேர்தலிலும் அவருக்கு வலது கையாக நின்றவன் கார்த்திதான். வீடு வீடாக ஏறி இறங்கி மச்சானுக்கு ஓட்டுக் கேட்டான், வண்டி ஓட்டினான், ஜெயித்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். தான் குடியிருக்கும் மேல்வளவுக்கு ஒரு தார் ரோடு போட்டுக் கொடுங்கள் என்பது மட்டுந்தான் அவன் கேட்டது. அங்கே விளையும் மிளகையும் மரவள்ளிக் கிழங்கையும், மண்பாதையில் வண்டி ஏறாத மழைநாளில், இன்றைக்கும் தலைச்சுமையாகத்தான் மெயின் ரோட்டுக்கு இறக்குகிறார்கள். ஒருமுறை கேட்டான், மறுமுறை கேட்டான். அதற்கடுத்த முறை, நாலு பேர் எதிரில், உங்களுக்கு என்ன மாப்ள அவ்வளவு அவசரம் என்று ராசப்பன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் கார்த்தி மனுத் தாக்கல் செய்தான். அதிலிருந்து மச்சானும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதெல்லாம் ஒலிபெருக்கியில்தான்.

இந்த வரி மட்டும் கோகிலவாணியிடமிருந்து போனது. பாடியவர் பெயர் கிடைக்காத ஒரு பழம்பாட்டு அது. கல்லூரியில் படித்த நாளிலிருந்து அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியம். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் கரும்பலகையில், 'இன்றைய வரி' என்ற தலைப்பின் கீழே போன வாரம் அதை எழுதியிருந்தாள். அவளைக் கொண்டுவந்து விட வந்த கார்த்தி அதைப் படித்துப் பார்த்தான். தோற்றோன், வென்றோன், தீ என்று மூன்று சொல்லும் கண்ணில் பட்டன. தேர்தலுக்கென்றே யாரோ எழுதி வைத்தது போல இருந்தது அவனுக்கு. வீட்டுக்கு வருவதற்குள் சேந்தமங்கலத்தில் பேனர் கடை வைத்திருக்கும் முஜீப்புக்கு வாய்மொழியாகப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

— செரி, அதைப் படிச்சுக் காட்டுங்க பாக்கலாம்.

— தோற்றோன் மனைவியின் தீயெழா. தாயின் வென்றோன் கார்த்தி.

— தாயின் வென்றோன்னா என்னங்க அர்த்தம்?

— தாயோட மகன் ஜெயிப்பான்னு. எங்கம்மாளையும் சேத்துச் சொன்னாப்புல ஆச்சுல்ல.

கோகிலவாணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதும். வீட்டில் அப்படி இல்லை. பையிலிருந்து சாக்பீஸ் ஒன்றை எடுத்து, சிமெண்டுத் தரையில் பாட்டை முழுசாக எழுதினாள்.

தோற்றோன் மனைவயின் தீயெழா தாயின்
வென்றோன் அடுகலன் வேவதும் இலதே.

மனைவயின் என்றால் மனையில், வீட்டில். இதில் மனைவியும் இல்லை, தாயும் இல்லை. தீயெழாது ஆயின் என்பதுதான் சேர்ந்து தீயெழாதாயின் என்று ஆகி, ஓசைக்காக இரண்டு சீராகப் பிரிந்து நிற்கிறது. அடுகலன் என்பது சமைக்கிற பானை. தோற்றவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால், வென்றவன் வீட்டுப் பானையும் வேகாது. போர் முடிந்து ஊர் திரும்புகிறவனைப் பார்த்துச் சொன்னது. உன்னால் விழுந்தவன் வீட்டில் சோறு உண்டா என்று பார்த்துவிட்டு, அப்புறம் உன் இலையில் உட்கார். ஒவ்வொரு சொல்லாகக் காட்டி இவ்வளவையும் அவள் சொல்லி முடிக்கும்வரை கார்த்தி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

— அப்ப இது ஜெயிச்சவனுக்குத்தான் புத்தி சொல்லுதா?

— ஆமாங்க.

— அதைப் போயி எவன் பேனர்ல போடுவான்?

— நான் போடச் சொன்னனுங்களா? போர்டுல எழுதுனேன். அதுவும் பிள்ளைங்களுக்கு.

முஜீப்புக்குப் போன் போட்டார்கள். அவன் பாவம், அவனுக்கும் எரிச்சல். அண்ணே, நீங்க வாயில சொன்னதைத்தான் நான் அடிச்சேன், மனைவயின்னு ஒரு சொல்லு இருக்குதுன்னு எனக்கென்ன தெரியும், தப்பாச் சொல்லீட்டீங்களாக்கும்னு நல்லதுக்குத்தான் திருத்துனேன் என்றான். இரண்டாம் அடியின் மீதியை ஏன் விட்டாய் என்று கோகிலவாணி கேட்டதற்கு, அதை அண்ணன்தான் வெட்டச் சொன்னாரு, அந்த எடத்துல அவரு பேரைப் போடச் சொன்னாரு என்றான். கார்த்தி போனை வாங்கி அணைத்தான்.

கழற்றிவிடுங்கள் என்றாள் அவள். கார்த்தி மாட்டேன் என்றான். இப்போது கழற்றினால் பயந்து கழற்றினான் என்பார்கள். மேலும் ஜனங்களுக்கு அது பிடித்துவிட்டது, மேல்வளவில் இளவட்டங்கள் அதைப் பாட்டாகவே கட்டிவிட்டார்கள். அர்த்தத்தை எவன் கேட்கிறான், சத்தம் நன்றாக இருந்தால் போதும் என்றான். அதைக் கேட்டதும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். ராத்திரி அவள் பேசாமலே சோறு போட்டதைத் தாங்க முடியாமல், அவனே பைக்கை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சுழியின் மேல் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டு வந்தான். விடியக் காலையில் மலையில் பனி இறங்கியது. காகிதம் கழன்று விழுந்தது. ஒட்டி மறைக்கப் பார்த்திருக்கிறான் என்ற பேச்சு வேறு சேர்ந்துகொண்டது.

அன்றைக்கே ராசப்பன் மைக்கைப் பிடித்தார். அரசியலில் ஆயிரம் இருக்கும், அடுத்தவன் பொண்டாட்டியைப் பேனரில் இழுக்கிறவனுக்கா உங்கள் ஓட்டு என்று சந்தையில் கேட்டார். பூட்டு சாவிக்காரன் வாய்க்கு முதலில் பூட்டுப் போடுங்கள் என்றார். கூட்டம் கைதட்டியது. சாயங்காலம் தங்கைக்குப் போன் வந்தது.

— கேளு கோகிலா. உன்ற பள்ளிக்கூடத்துப் போர்டுல இருந்துதான் அது வந்துச்சாமா?

— அண்ணா, அது நீங்க நெனைக்கிற மாதிரி இல்லீங்க. அந்தப் பாட்டுக்கு அர்த்தமே வேற. உங்களுக்குச் சாதகமான பாட்டுங்க அது.

— எனக்குச் சாதகமா?

— தோத்தவங்களை ஜெயிச்சவங்க பாத்துக்கோணும்னு.

தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அப்புறந்தான் அவளுக்கு உறைத்தது.

— அப்ப நான் தோத்துருவேன்னு நீயும் முடிவு பண்ணீட்ட.

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அண்ணன் எடுக்கவில்லை. அண்ணி பொன்னாயியும் எடுக்கவில்லை. தேர்தல் வேலைக்காகக் கோகிலவாணியை மலையை விட்டு இறக்கி ராசிபுரம் பக்கம் போட்டிருந்தார்கள். தபால் ஓட்டை யாருக்குப் போட்டாய் என்று புருஷனும் கேட்டான், அண்ணன் ஆள் விட்டும் கேட்டார். இரண்டு பேருக்கும் அவள் சொல்லவில்லை.

கார்த்தி ஜெயித்தான். பெரிய வித்தியாசமில்லை, ஆனாலும் ஜெயித்தான். மேல்வளவில் வெடி வெடித்தார்கள். சீப்புச் சின்னத்தில் நின்ற ராசப்பன் எண்ணிக்கை முடியும்முன்பே எழுந்து போய்விட்டார் என்றார்கள்.

மறுநாள் கார்த்தியின் வாசலில் கிடா வெட்டு. பெரிய பெரிய கல் வைத்து அடுப்புக் கூட்டி, அண்டாவில் கறி ஏறியது. பக்கத்து அடுப்பில் சோறு. வந்தவர்களுக்கெல்லாம் டீ. விடியலில் இருந்தே கோகிலவாணி அடுப்புக்கும் ஆட்களுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். புகையில் கண் எரிந்தது. யார் எதைக் கேட்டாலும், தலைவர் ஊட்டம்மாவக் கேளுங்க என்று கை காட்டினார்கள். முந்தாநாள்வரை அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வெங்காயம் உரிக்க வந்த பாவாயி, ராசப்பன் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டுக்காரி. பேச்சுவாக்கில் அவள்தான் சொன்னாள். உங்க அண்ணன் ஊட்டுக் கூரையில நேத்துல இருந்து பொகையே காணமுங்க டீச்சர். அவரு கட்டிலை விட்டு எந்திரிக்கலையாமா. கூப்புட்டாலும் பேசறதில்லையாமா.

கோகிலவாணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அண்டாவுக்குக் கீழே குனிந்து, எரிந்துகொண்டிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் போட்டாள். ஒரு குடம் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். சாம்பலும் புகையுமாக எழுந்தது. பந்தலில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்தி மாலையும் கழுத்துமாக ஓடி வந்தான்.

— என்ன பண்ற கோகிலா? கறி பாதி வெந்து கெடக்குது.

— பாதியோட நிக்கட்டுங்க. எங்க அண்ணன் ஊட்ல நேத்துல இருந்து அடுப்பு எரியலையாம்.

— அதுக்கு?

— அதுக்குத்தான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு பல்லைக் கடித்தான்.

— ஏதோ ஒரு காலத்துல எவனோ பாடி வெச்சதுக்கு இன்னிக்கு என்ற ஊட்டு அடுப்ப அணைப்பியா? அப்படிப் பாத்தா எவன் ஊட்லயும் சோறு வேகாது.

— எவனும் அதைப் பேனர்ல போட்டு ஓட்டு வாங்கலீங்க. நீங்கதான் வாங்குனீங்க. பாதிப் பாட்டுக்கு ஓட்டு வாங்கியாச்சு. மீதிப் பாட்டை யாரு படிக்கறது?

— அட விடு கோகிலா. சாயங்காலமாப் போயிப் பாத்துக்கலாம்.

— சாயங்காலம் இந்த அடுப்பும் எரியும்.

அவளைப் பற்றி அவனுக்குத் தெரியும். சத்தம் போட்டால் சமாதானப்படுத்தலாம், இந்த மாதிரி மெதுவாகப் பேசினால் ஒன்றும் செய்ய முடியாது. மாலையைக் கழற்றிப் பந்தல் காலில் மாட்டினான். அவனுக்கும் உள்ளே ஏதோ குத்தத்தான் செய்தது. கல்யாணமான புதிதில் எத்தனை நாள் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறான். பொன்னாயி அக்கா வெக்கிற கொள்ளுப் பருப்புக்கு ஈடு கிடையாது என்று ஊரெல்லாம் சொன்னவன் அவன்தான். வந்திருந்தவர்களிடம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு, பிக்கப்பில் ஏறினான். ஏறினவன் மறுபடி இறங்கிப் போய், காய்ந்த சில்வர் ஓக் விறகில் ஒரு கட்டைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டான். அடுப்பு எரியவில்லை என்றால் எரிய வைத்துவிட்டு வந்துவிடுவது. அவனுக்கு எல்லாமே வேலைதான்.

ராசப்பன் வீடு கீழ்வளவில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவில். இந்நேரத்துக்கு வாசலில் பத்துப் பைக்காவது நிற்கும். இன்று ஒரு கோழிதான் நின்றது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் ராசப்பன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர், கார்த்தி தோளில் இருந்த விறகுக் கட்டைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். எத்தனை கோபத்திலும் தங்கை புருஷனை நீ என்று பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

— வெறகு எதுக்குங்க மாப்ள?

— மன்னிச்சுக்கோங்க மச்சான். அந்தப் பேனரு நானா வேணும்னு பண்ணல. எழுத்து மாறிப் போச்சு. அக்காளைப் பத்தி எழுத எனக்கு மனசு வருமுங்களா?

— வெறகு எதுக்குன்னு கேட்டேன்.

கார்த்தி மனைவியைப் பார்த்தான். கோகிலவாணி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, பாட்டை முழுசாகச் சொன்னாள். சுழி எப்படிக் கூடியது, தாயின் என்பது எப்படிப் பிரிந்தது, அடுகலன் என்றால் என்ன, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். தன் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்திருப்பதையும் சொன்னாள். நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டால்தான் அங்கே உலை ஏறும் என்றாள். ராசப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

— கேளு கோகிலா. பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா பாடுனவன் ஜெயிச்சவன் ஊட்டுத் திண்டுல சாஞ்சுக்கிட்டுப் பாடியிருக்கான். தோத்தவனை ஒரு வார்த்தை கேட்டானா? நேத்து என்னைக் கவுத்தவரு இன்னிக்கு வெறகைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறாரு. அவரு மூட்டுன தீயில வெந்த சோறு எனக்கு உள்ள எறங்குமா? அங்க கறி வேகோணும், அதுக்கோசரம் இங்க நான் வாயத் தெறக்கோணும். இதுல அறம் எங்க இருக்குது, நீயே சொல்லு.

இத்தனை வருஷமாகக் கோகிலவாணி இந்தப் பாட்டை நடத்துகிறாள், தேர்வில் கேள்வியாகக் கேட்டிருக்கிறாள். தோற்றவன் பக்கமிருந்து அவள் ஒரு நாளும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. அண்ணன் இரண்டு தடவை ஜெயித்தாரே, அப்போது தோற்றவர்கள் வீட்டுக்கு இவர் போனாரா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

கார்த்திக்குத்தான் பொறுக்கவில்லை. விறகுக் கட்டை மூலையில் போட்டான்.

— செரிங்க மச்சான், என்ற கையால வேண்டாம். கோகிலா மூட்டட்டும். பேனருக்கோசரம் இப்படிப் பட்டினி கெடந்தா எப்படி?

— பேனரா? அதுக்குக் கேக்க வேண்டியதை மைக்குலயே கேட்டுட்டேன்.

— அப்ப தோத்துட்டோம்னா?

— ரெண்டு தடவை ஜெயிச்சவன் ஒரு தடவை தோக்கறதுல என்ன இருக்குது? என்ற சோறு எறங்காததுக்குக் காரணம் நீங்களும் இல்ல, ஓட்டும் இல்ல.

— பின்ன யாருங்க?

— கொல்லையில உக்காந்திருக்கறா. போயி உங்க அக்காளக் கேளுங்க.

அவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்கள் சமையற்கட்டு வழியாகப் பின்னால் போனார்கள். அடுப்பு சுத்தமாக வழித்து மெழுகி இருந்தது. ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. கூட்டத்துக்கு டீ போடுகிற பெரிய அலுமினியக் குண்டா கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

பொன்னாயி பலா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீக்கடைப் பன் ஒன்று, பாதி தின்றது. கொஞ்சம் வாழைப்பழத் தோல். அண்ணியின் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்ததைக் கோகிலவாணி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தைத்தான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

— வா கண்ணு. வாங்க தம்பி. உக்காருங்க. டீ வேணுமுன்னா கடையிலதான் வாங்கோணும்.

— அக்கா, மச்சான் சாப்பிட மாட்டேங்கறாரு. உங்களைக் கேக்கச் சொன்னாரு.

— சாப்பிடாம என்ன? பன்னு வாங்கியாந்து வெச்சேன். அது எறங்காதாம் அவருக்கு. ஊட்டுச் சோறுதான் வேணுமாம்.

— நீங்க ஆக்கலையாக்கா?

— ஆக்கல சாமி.

அவள் அதை இன்றைக்கு மழை இல்லை என்பது போலச் சொன்னாள். கார்த்தி அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பேனருக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், மெதுவாக அதை ஆரம்பித்தான். பொன்னாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

— தம்பி, நேத்து ராத்திரி ஓட்டு எண்ணி முடிஞ்சதும் அவருகிட்டச் சொன்னதை உங்ககிட்டயும் சொல்லீர்றேன். நான் பூட்டு சாவிக்குத்தான் போட்டேன்.

வீட்டுக்குள்ளே கட்டில் கயிறு முனகுவது கோகிலவாணிக்குக் கேட்டது.

— எங்களுக்கா அண்ணி? ஏனுங்க?

— பத்து வருசம் கண்ணு. கோழி கூப்பிடறதுக்கு முந்தி வாசல்ல ஆளு வந்து நிக்கும். சான்றிதழுக்கு ஒருத்தன், பைப்புக்கு ஒருத்தன், சும்மா ஒருத்தன். வந்தவனுக்கெல்லாம் டீ. இருந்தவனுக்கெல்லாம் சோறு. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்பகூட அரியூர் நாட்டுல இருக்கற பொறந்த ஊட்டுக்கு ஒரு நாளு முழுசாப் போயி உக்கார முடியல. அடுப்பை விட்டுட்டு எங்க போவ? ரெண்டு கண்ணும் பொகையில போயிருச்சு, டாக்டரு கண்ணாடி போடச் சொல்றாரு. மறுபடியும் அஞ்சு வருசம்னு அவரு நின்னப்ப, வேண்டாமுங்க, என்னால முடியலைன்னு சொன்னேன். சிரிச்சாரு.

அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று கார்த்திக்குத் தெரியும். அவன் தலை குனிந்தான்.

— இனி ஆளு எல்லாம் மேல்வளவுக்கு வரும் கண்ணு. பெரிய குண்டா ஒண்ணு சும்மாத்தான் கெடக்குது, வேணுமுன்னா எடுத்துக்கிட்டுப் போ.

கோகிலவாணிக்குத் தன் சேலையிலிருந்து புகை வாசம் வருவது அப்போதுதான் தெரிந்தது. தலைவர் ஊட்டம்மாவக் கேளுங்க என்று காலையில் இருந்து எத்தனை பேர் கை காட்டினார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். தோற்றோன், வென்றோன் என்று இரண்டு பேர் அந்தப் பாட்டில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் தீ எழ வேண்டும். யார் குனிந்து ஊத வேண்டும் என்று ஒரு சொல்லும் அதில் கிடையாது.

கார்த்தி எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த எரிச்சல் எங்கேயோ போயிருந்தது.

— அக்கா, நீங்க எந்திரிக்க வேண்டாம். கோகிலாவும் வேண்டாம். நானே அடுப்பைப் பத்த வெச்சு ஒரு சோறு பொங்கி மச்சானுக்குக் குடுத்துட்டுப் போறேன். இன்னிக்கு ஒரு நாளைக்கு.

— இன்னிக்கு நீங்க மூட்டுவீங்க. நாளைக்கு அந்தத் தீயை யாரு பாத்துக்குவா?

பொன்னாயி மீதிப் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

— அந்தப் பேனரை நானும் பாத்தேன் தம்பி. செம்மேட்டுல எறங்கி நின்னு, எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படிச்சேன். தோத்தவன் பொண்டாட்டிக்குத் தீ எழாதுன்னு போட்டிருந்தீங்க. எல்லாரும் அதை வசவுன்னாங்க.

— அண்ணி, அது வந்து மனைவியின் இல்லீங்க...

கோகிலவாணி அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

— இத்தனை தேர்தல்ல ஓட்டுக் கேட்டு வந்த ஆம்பளைங்க ஒருத்தரும் எனக்குன்னு ஒண்ணும் தர்றேன்னு சொன்னதில்ல. நீங்க ஒருத்தருதான் எனக்கு அடுப்பு எரிய வேண்டாம்னு எழுதியே வெச்சீங்க. தலைவரானதும் மொத வேலையா அதையே இல்லைன்னு ஆக்கீராதீங்க சாமி.